தம்பியின் டைட்டானியம் காயிலைத் தூக்கிப் போடச் சொன்னேன், சரிதானா?

குரு, லெஸ்டர் (இங்கிலாந்து):
18 வருடம் சிகரெட் பிடித்தவன் நான். அதை விட்டு வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, வந்து இரண்டு வருடம் ஆகிறது. வெப்பக் கட்டுப்பாடு உள்ள மோடில் (பேட்டரிக் கருவி) 316எல் என்ற ஸ்டீல் கம்பியை, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் காயிலாக, நானே சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். போன வாரம் வீட்டுக்கு வந்த தம்பியின் டேங்கை (திரவமும் காயிலும் இருக்கும் பகுதி) திறந்து பார்த்தேன். டைட்டானியம் காயில். இரண்டு ஓரமும் நீலம், நடுவில் சாம்பல் பூத்த மாதிரி வெளுப்பு. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி தூள் ஒட்டியது. இந்தத் தூளின் மேல் பட்டு வரும் ஆவியைத்தான் தினமும் இழுக்கிறான் என்று நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது. டைட்டானியமே வேண்டாம், எறி என்றேன். கேட்க மாட்டேன் என்கிறான். வேப்பில் டைட்டானியம் கம்பியை யாருமே போடக் கூடாது என்பதுதான் என் கருத்து. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாறன், பற்றவைப்புத் தொழில்:
குரு, அந்தக் காயிலை எறியச் சொன்னது சரி. டைட்டானியமே கூடாது என்பது தவறு.

தினமும் டைட்டானியத்தோடு வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். சூடேறச் சூடேற அதன் மேல் ஆக்சைடு படலம் தடிக்கும். அதற்கேற்ப முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, நீலம் என்று மாறும். நீலம் வரச் சில நூறு டிகிரி போதும். தூளாக உதிரும் வெளுப்பு அப்படி வராது. கம்பியைச் சிவக்கச் சிவக்கச் சுட்டிருக்க வேண்டும். உங்கள் தம்பி, காயிலுக்குத் திரவத்தைக் கொண்டுவரும் பருத்தியை எடுத்துவிட்டு, அழுக்கு போகட்டும் என்று வெறும் காயிலைப் பழுக்கக் காய்ச்சியிருக்கிறார். டிரை பர்ன். கந்தால், நிக்ரோம் போன்ற வேறு கம்பிகளைச் சுற்றுகிறவர்களிடம் கற்ற பழக்கம் அது. டைட்டானியத்துக்கும் சுத்த நிக்கலுக்கும் ஆகவே ஆகாது. வெந்நீரில் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

குரு:
அண்ணா, தூள் உதிரும் வாய்ப்பே இல்லாத கம்பி இருக்கும்போது, உதிரக்கூடிய ஒன்றை ஏன் போட வேண்டும்? டைட்டானியம் டை ஆக்சைடு தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோயை உண்டாக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. பழக்கம் தவறினால்தான் ஆபத்து என்கிறீர்கள். பழக்கம் எல்லோருக்கும் தவறும்.

கயல், தோல் பிரிவுச் செவிலியர்:
குரு, அதே முகமையின் பட்டியலில் நிக்கலைத் தேடிப் பாருங்கள். நிக்கல் உலோகம் அதே 2பி. நிக்கல் சேர்மங்கள் அதைவிட மோசம், முதல் தொகுதி. அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை. நீங்கள் பாதுகாப்பு என்று நம்பும் 316எல் கம்பியில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது. நிக்ரோம் 80 என்றால் 80 சதவீதம்.

தோடு போட்ட காது புண்ணாகி வரும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். எனக்கும் அந்த நிக்கல் ஒவ்வாமை உண்டு. தோலில் பட்டாலே இப்படி என்றால் நுரையீரலுக்குள் அதை ஏன் அனுப்ப வேண்டும்? மருந்துகளில் உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான சர்வதேச விதியில், வாய்வழி மருந்துக்கு நிக்கல் வரம்பு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராமை ஒட்டி. மூச்சுவழி மருந்துக்கு வெறும் 5, 6. நுரையீரல் எவ்வளவு மென்மையான உறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல?

குரு:
316எல் உடம்புக்குள் வைக்கும் ஸ்டீல் அக்கா. உடைந்த எலும்பில் தகடாகவே வைக்கிறார்கள்.

கயல்:
டைட்டானியத்தையும்தான் எலும்பில் வைக்கிறார்கள். அதை மட்டும் ஏன் எறியச் சொன்னீர்கள்? எலும்புக்குள் இருக்கும் தகடு 37 டிகிரியில் இருக்கிறது. உங்கள் காயில் 250 டிகிரியில், வேப் திரவத்தின் கிளிசரினில் நனைந்தபடி, ஒரு நாளில் எத்தனையோ முறை சூடாகி ஆறுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். என் கணவர் போடுவது 430 ஸ்டீல், அதில் நிக்கல் சேர்ப்பதில்லை. வெப்பக் கட்டுப்பாட்டிலும் வேலை செய்கிறது. இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது வேறு ஏன்?

செல்வம், பழைய ஆள்:
எல்லோரும் உலோகத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். எனக்குச் சிக்கலே வெப்பக் கட்டுப்பாட்டில்தான். கந்தால் கம்பி, வாட் முறை, அதாவது வெப்பத்தை அல்ல, மின்திறனை மட்டும் வைப்பது. ஆறு வருடமாக அதுதான். கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு இல்லாததால் ஒவ்வொரு இழுப்பிலும் நானே கவனமாக இருக்கிறேன். பருத்தி காய்ந்தால் தொண்டை சொல்லிவிடும்.

மாறன்:
செல்வம் அண்ணா, தொண்டை சொல்லும்போது பருத்தி கருகியாகிவிட்டது. கிளிசரின் 290 டிகிரியில் கொதிக்கும். காய்ந்த பருத்தியில் கம்பி அதைத் தாண்டிப் போகும்போது அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் எல்லாம் வரும். கந்தாலின் மின்தடை சூட்டுக்கு ஏறக்குறைய மாறவே மாறாது. அதனால் எந்தக் கருவியாலும் அதன் சூட்டைக் கணிக்க முடியாது, நிறுத்தவும் முடியாது.

ஆனால் நீங்கள் சொன்ன நினைப்பு விஷயம் உண்மை. குரு, தம்பி தன் மோடில் எந்தக் கம்பிக்கான முறையை வைத்திருந்தார் என்று பார்த்தீர்களா?

குரு:
இப்போதுதான் போனில் கேட்டேன். நிக்கல் முறையாம். வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லையாம். 250 டிகிரி என்று வைத்திருக்கிறான்.

மாறன்:
நினைத்தேன். கணக்கைப் பாருங்கள். கருவிக்குள் வெப்பமானி எதுவும் கிடையாது. கம்பி சூடாகும்போது ஏறும் மின்தடையை வைத்துத்தான் வெப்பத்தைக் கணிக்கிறது. நிக்கலின் மின்தடை டிகிரிக்கு சுமார் 0.6 சதவீதம் ஏறும். 20 டிகிரி அறையில் 250ஐத் தொட 230 டிகிரி ஏற வேண்டும். ஆக, மின்தடை 138 சதவீதம் கூடும்வரை கருவி மின்சாரத்தைக் குறைக்காது. டைட்டானியமோ டிகிரிக்கு 0.35 சதவீதம்தான் ஏறும். 138ஐ 0.35ஆல் வகுத்தால் 394. அறை வெப்பத்தையும் சேர்த்தால் 414 டிகிரி! திரையில் 250 என்று காட்டிக்கொண்டே காய்ந்த பருத்தியில் 414 வரை போக விட்டிருக்கும். ஓரத்து நீலம் இதனால்தான் வந்திருக்கும்.

உங்கள் 316எல் கம்பியை அதே நிக்கல் முறையில் போட்டால் இன்னும் மோசம். டிகிரிக்கு சுமார் 0.09 சதவீதம்தான் ஏறும். 1500 டிகிரியைத் தாண்டினால்தான் நிறுத்தும். அதற்குள் ஸ்டீலே உருகிவிடும். வரம்பே இல்லை என்று அர்த்தம். எதிர்ப்பக்கத் தவறு, அதாவது நிக்கல் கம்பியை ஸ்டீல் முறையில் போட்டால், ஆவியே வராது, அவ்வளவுதான். எந்தக் கம்பி என்பதைவிட, கம்பியும் முறையும் பொருந்துகிறதா என்பதை நான் ஏன் முதலில் கேட்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

2014 கடைசியில் எவால்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ 40 என்ற கட்டுப்பாட்டு போர்டு வந்தபோது நிக்கல் 200 (சுத்த நிக்கல் கம்பி) ஒன்றுக்குத்தான் கணக்கு இருந்தது, குழப்பமும் இல்லை. டைட்டானியமும் ஸ்டீலும் பட்டியலில் சேர்ந்த பிறகுதான் இந்தத் தவறு இவ்வளவு சுலபமாயிற்று.

செல்வம்:
இதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன். முறை சரியாக இருந்தாலும் இன்னொரு ஓட்டை உண்டு. காயில் ஆறுவதற்கு முன்பே, அதன் அறை வெப்ப மின்தடை இதுதான் என்று கருவியில் பூட்டிவிட்டால்? 0.50 ஓம் ஸ்டீல் காயில் 60 டிகிரியில் இருக்கும்போது பூட்டினால், 250 என்று வைத்தது 300க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

கயல்:
கணக்கெல்லாம் சரி. ஆனால் முறை பொருந்தினாலும் உலோகம் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மேரிலாந்தில் தினமும் வேப் செய்யும் 56 பேரின் கருவிகளைச் சோதித்தார்கள். புட்டியில் இருந்த திரவத்தைவிட ஆவியில் நிக்கல், குரோமியம், ஈயம் எல்லாம் பல மடங்கு அதிகம். கருவிக்குள் போன பிறகு சேர்ந்தவை அவை.

மாறன்:
ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் அதில் ஈயமும் இருந்ததே! எந்தக் காயில் கம்பியிலும் ஈயம் சேர்ப்பதில்லை. பித்தளை இணைப்பு, சாலிடர் என்று தேட வேண்டியிருக்கிறது. கம்பியை மட்டும் குற்றவாளியாக்கினால் மற்றவை தப்பித்துவிடும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் நிக்கல் கம்பியைத் தொடவே கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

நெறியாளர்:
வாசிப்பவர்களுக்கு: இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். வாங்கும் இடம் பற்றி இங்கே கேட்காதீர்கள். புகைக்காதவர்கள் இதைத் தொடங்கவே வேண்டாம்.

குரு:
சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். முதலில் அந்தப் பழைய காயிலிலேயே பருத்திச் சோதனை செய்தோம். ஜூஸ் (வேப் திரவம்) விடாமல் புதுப் பருத்தி, 210 டிகிரி, நிக்கல் முறை. மூன்று விநாடியில் கம்பியைச் சுற்றிப் பழுப்புக் கோடு, பிறகு புகை. தம்பி எதுவும் பேசவில்லை, கழற்றிக் குப்பையில் போட்டான். புதிதாக டைட்டானியமே சுற்றினான், முறையை மாற்றினான். அதே 210, அதே மூன்று விநாடி, பருத்தி வெள்ளையாகவே இருந்தது. டைட்டானியத்தை யாருமே போடக் கூடாது என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் என் டேங்கில் டைட்டானியம் வராது. கயல் அக்கா சொன்ன 430 கம்பிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.

செல்வம்:
சூடாக இருக்கும்போது பூட்டவில்லையே?

குரு:
இல்லை அண்ணா. இரவு முழுக்க மேசையில் கிடந்ததைக் காலையில்தான் பூட்டினோம். 0.38 ஓம்.