பதமுறலும் பதமூட்டலும்

அயல் டி.என்.ஏ.வை உள்வாங்கும் நிலையிலுள்ள பாக்டீரியாவை ஆங்கிலத்தில் competent cell என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தகுதி உயிரணு’ என்று ஒருவர் முன்வைத்த சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தகுதி என்பது ஒருமுறை பெற்றால் நம்மிடமே தங்குவது. ஆய்வகத்தில் நாம் உண்டாக்குவதோ விரைவில் கைநழுவும் ஒரு நிலை. ‘ஏற்புத்திறன்’ என்றாலும் சிக்கல்தான், ஏனெனில் உயிரணுச் சவ்விலுள்ள சில புரதங்களுக்கு ‘ஏற்பி’ (receptor) என்ற பெயர் ஏற்கெனவே வழங்குவதால் மாணவர்கள் குழம்புவார்கள்.

இந்நிலையை உண்டாக்க, ஈ.கோலை என்ற பாக்டீரியாவை அது விரைந்து பெருகும் பருவத்தில், ஒளியடர்த்தி (வளர்ப்பு நீர்மத்தின் கலங்கலைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 0.4 ஆகும்போது எடுத்து, பனிக்கட்டியில் குளிர்வித்து, மையவிலக்கியில் படியவைத்து, குளிர்ந்த 0.1 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலில் மெல்லக் கலக்குகிறோம். முரட்டுத்தனமாகக் குலுக்கினாலோ சூடேறவிட்டாலோ பாடுபட்டது வீண். டி.என்.ஏ.வை ஏற்கவைக்கும் கால்சியத்தின் இந்தப் பயனை 1970இல் மாண்டெல், ஹிகா என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே கரைசலில் 12 முதல் 24 மணி நேரம் குளிரில் விட்டுவைத்தால் டி.என்.ஏ. ஏற்பு சில மடங்கு கூடி, அதற்குப்பின் இறங்கிவிடுகிறது என்று 1979இல் டாகர்ட்டும் எர்லிக்கும் கண்டார்கள். கூடிவந்து பின் தளரும் இந்நிலையைத் தமிழர் பதம் என்றுதான் சொல்வார்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், அம்மா ரப்பர் பாலில் தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி, நுரையை வழித்தெடுத்துத் தட்டில் உறையவிடுவார். கட்டியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “பதமா இருக்கு, மிஷின்ல போடு” என்பார். முந்தினால் கட்டி உருளையில் கிழியும். பிந்தினால் இறுகிப்போய்ச் சீட்டாக விரியாது.

‘பதப்படுத்துதல்’ என்று சொல்லக் கூடாது, அது உணவைக் கெடாமல் காக்கும் தொழிலுக்குப் போய்விட்டது. பதத்துக்குச் சொல் என்ற பொருளும் உண்டே என்பவர்களுக்கு, உயிரணு என்று அடுத்து வருவதே ஐயத்தைத் தீர்த்துவிடும் என்பது என் மறுமொழி. என்னை மிகவும் கவர்ந்தது இதிலுள்ள தன்வினை, பிறவினை வசதி. 1928இல் கிரிஃபித் ஆராய்ந்த நிமோனியா பாக்டீரியா யாரும் தூண்டாமல் தானே பதமுறுகிறது, ஈ.கோலைக்கு நாம் பதமூட்டுகிறோம். ஆகவே இயற்கையானதைப் பதமுறல் என்றும், செயற்கையானதைப் பதமூட்டல் என்றும், இரண்டிலும் விளைவதைப் பதமுற்ற உயிரணு என்றும் வழங்கலாம். பாக்டீரியாவுக்குள் நாம் செலுத்தும் சிறு வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிட் ஒரு மைக்ரோகிராமுக்கு எத்தனை காலனிகள் முளைக்கின்றன என்ற கணக்குக்கு (transformation efficiency) மட்டும் ‘மாற்றத்திறன்’ போதும். அங்கே பதத்தை நுழைக்க வேண்டாம்.