ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? உங்கள் சபை அனுபவம் சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியை, நாசரேத் பக்கம்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம். நான் சிறுமியாக இருந்தபோது இரண்டாம் மணி அடிப்பதற்குள் போகாவிட்டால் கோயிலில் உட்கார இடம் கிடைக்காது. இப்போது மூன்றாம் மணி அடித்த பிறகும் ஆண்கள் பக்கம் பாதி காலி. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு மட்டும் சென்னை, கோயம்புத்தூர், மும்பை என்று எல்லா ஊரிலிருந்தும் கார் வரும். அசனச் சோறு சாப்பிட்டு மறுநாள் காலையில் தெரு வெறிச்சோடிவிடும்.

பிழைப்புக்காகப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளூரிலேயே இருக்கிற இருபது பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பதுதான் என் கவலை. கமிட்டியில் பேசிக் கீபோர்டு வாங்கினோம், புரொஜெக்டர் மாட்டினோம். இரண்டு மாதம் வந்தார்கள், அப்புறம் பழையபடி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

போன டிசம்பரில், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்குப் பாட்டுப் பழகும்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நோட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். கீர்த்தனை முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ஏன்மா என்று கேட்டேன். "எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் டீச்சர். கோயில்ல பைபிள்ல இருக்கிற சங்கீதத்தை மாறி மாறி வேகமா வாசிக்கிறாங்க. எந்த வசனத்துல இருக்காங்கன்னே தெரியாது. பக்கத்துல இருக்கிறவங்க பார்ப்பாங்கன்னு வெளியவே நின்னுடுவேன்" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் திருமண்டலத்து டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளியில் அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் பள்ளியே கோயில் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்து, சபை எழும்பிய ஊரிலெல்லாம் பள்ளிக்கூடமும் எழும்பியது. பனையேறிய எங்கள் பாட்டன்மார் எழுத்து கற்றது அப்படித்தான். இப்போது பிள்ளைகள் வேனில் ஏறி டவுனில் இங்கிலீஷ் மீடியம் போகிறார்கள். பெற்றோர்மேல் தப்பில்லை, நானே என் மகனை அப்படித்தான் அனுப்பினேன். ஆனால் அந்தப் பிள்ளை கையில் நாம் கொடுக்கிற வேதாகமத்தின் தமிழ் 1871-ஆம் வருஷத்துத் தமிழ். அதை யார் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தோம்?

ஜனவரியிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம். பிரசங்கம் கிடையாது, பரீட்சை கிடையாது. மறுநாள் கோயிலில் வாசிக்கப்போகிற பாடத்தை மட்டும் எல்லாரும் சத்தமாக வாசிப்பார்கள். முதல் நாளே அவள் "பிரதியுத்தரமாக" என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். "பிர… தி… யுத்தம்… சண்டையா டீச்சர்?" என்றாள். பதில் சொன்னார் என்று அர்த்தம் என்றேன். "அப்போ பதில்னே போடலாமே!" என்றாள். எனக்கும் அந்த நியாயம் பிடித்திருந்தது. பென்சிலால் மேலே சின்னதாக "பதிலாக" என்று எழுதிக்கொண்டாள். அந்த மாதிரிப் பென்சில் எழுத்து இப்போது எங்கள் பிள்ளைகளின் வேதாகமம் முழுக்க இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு அவளையே சுவிசேஷ பாடம் வாசிக்கச் சொன்னார் எங்கள் சபைப் போதகர் ஐயர். ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். கோயில் முழுக்க அமைதி. "அவசரமில்லம்மா, மெதுவா வாசி" என்றார் ஐயர். மூச்சு விட்டு மறுபடி அந்த வசனத்தை முதலிலிருந்து வாசித்து முடித்தாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் அப்பா கோயிலுக்குள் வந்து பல வருஷம் ஆகிறது. அன்று தெற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டார். இரண்டு வாரம் கழித்து உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாரமும் வருகிறார் என்று சொல்லமாட்டேன். மகள் வாசிக்கிற அன்று தவறுவதில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்ததா என்றால் இல்லை. நான்கு பையன்கள் இரண்டு வாரத்தோடு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். "பிழையாக வாசிப்பது ஆராதனைக்கு மரியாதையா?" என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் கமிட்டியில் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்:

டீச்சர், நான் சபையை விட்டுப் போனவர்களில் ஒருவன். எனக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும், அதனால் என் கதை வேறு. வேலைக்கு வந்த முதல் வருஷம் டெங்குக் காய்ச்சலில் அறையில் தனியாகக் கிடந்தேன். பக்கத்து அறைப் பையன் போகிற பெந்தெகொஸ்தே சபையிலிருந்து ஒரு அண்ணன் தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். ஐந்து நாள். எந்த உபதேசமும் பேசவில்லை. நான் அங்கே போனதற்கு வேறு காரணம் கிடையாது. என் சொந்தச் சபையிலிருந்து அந்த வருஷம் வந்தது, அங்கத்தினர் சபைக்குக் கட்டுகிற சங்கக் காணிக்கை பாக்கி என்ற தகவல் மட்டும்தான்.

போன வருஷம் தாத்தா அடக்கத்துக்கு ஊருக்குப் போனேன். புதிதாக வந்திருந்த ஐயர் மூன்று இரவும் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் நம்பரை வாங்கினார். மாதம் ஒரு தடவை கூப்பிடுகிறார், "சாப்பிட்டியா தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பார். இப்போது இங்கே ஒரு சி.எஸ்.ஐ. சபையில் சேர்ந்திருக்கிறேன். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளின் நம்பர் உங்கள் சபையில் யாரிடமாவது இருக்கிறதா?

இரண்டு பிள்ளைகளின் தாய் (ஊர் வேண்டாம்):

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் கமிட்டித் தேர்தல் வந்தால் இரண்டு அணி, நோட்டீஸ், வாசலில் வாய்ச்சண்டை. ஒரு ஞாயிறு போலீஸ் வந்து நின்றது. பத்து வயது மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இவங்கதானே சண்டே ஸ்கூல்ல சமாதானம் பத்திச் சொன்னாங்க?" என்று கேட்டான். அவனிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. இன்றுவரை அந்தக் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான். நானும் வற்புறுத்துவதில்லை, வீட்டில் குடும்ப ஜெபம் மட்டும் விடாமல் நடக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

அம்மா, உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. அவனைத் திட்டாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம்.

தம்பி, நம்பர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு சங்கக் காணிக்கைப் பதிவேட்டை வாங்கி வந்து உட்கார்ந்தேன். வெளியூர்ப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். நம்பர் இருந்தது ஒன்பது பேருக்கு. மிச்சப் பேருடைய வீடுகளுக்கு நேற்றிலிருந்து திண்ணைப் பிள்ளைகள் போய்க் கேட்டு வருகிறார்கள். கிரிக்கெட்டுக்குப் போன பையன்களில் இருவர் சைக்கிள் இருக்கிறது என்று கூடவே கிளம்பிவிட்டார்கள். இன்று சாயங்காலம் வரை பதினேழு நம்பர் சேர்ந்திருக்கிறது.