கிராம சபையில் முதலில் எதைக் கேட்பது: கண்மாயா, படகுத் துறையா?

நெய்தல்மகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணிக்கும் சாயல்குடிக்கும் இடையில், கடலுக்கு அருகே இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் மானாவாரி நெல்லும் மிளகாயும் போடுகிறவர்கள். மீதிப் பேர் வல்லம் என்னும் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். சென்ற கிராம சபையில் பதினொரு கோரிக்கைகளை ஒரே தீர்மானமாக எழுதி அனுப்பினோம், ஒன்றுகூட நகரவில்லை. இந்த முறை ஒன்றோ இரண்டோ மட்டும் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் கண்மாய்க் கரையை உயர்த்த வேண்டும் என்று விவசாயிகளும், படகு அணைய ஒரு துறை வேண்டும் என்று மீனவர்களும் சொல்வதால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. கடந்த கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது, கண்மாய் பாதிகூட நிரம்பாமல் கிடக்க, ஓடைத் தண்ணீர் முழுவதும் கடலுக்கு வீணாகப் போய்க்கொண்டிருந்தது. மாசி மாதத்தில் அதே ஊர்ப் பெண்கள் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் முகந்தார்கள். அரசிடம் இருப்பது அளவான பணம் என்றால், அது முதலில் எதற்குச் செலவாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

அம்மா, பதினொரு கோரிக்கைகள் நகராததற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமன்று. எந்த நீர்நிலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று பிரித்து எழுதாததும் காரணமாக இருக்கலாம். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேற்பட்ட கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். குடிநீர் ஊருணி உங்கள் ஊராட்சியின் பொறுப்பு. மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், ஒவ்வோர் அலுவலகமும் இது தன்னுடையது இல்லை என்று திருப்பிவிட வழி கிடைத்துவிடும்.

முப்பது ஆண்டுகள் மராமத்து வேலைகளை அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கரைக்கும் மடைக்கும் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்குக்கும் பணம் ஒதுக்குவது எளிது, ஏனென்றால் வேலை முடிந்ததும் கண்ணுக்குத் தெரியும், புகைப்படம் எடுக்கலாம், அளந்து பட்டியல் எழுதலாம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அப்படியில்லை. அது பல ஊர் எல்லைகளைக் கடந்து, சில இடங்களில் பட்டா நிலத்தை ஒட்டி, சீமைக்கருவேல முள்ளுக்குள் மறைந்து கிடக்கும். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் கார்த்திகையில் பார்த்த பாதிக் கண்மாய்க்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் வந்து சேரும் வழி அடைபட்டிருக்கும்போது கரையை ஒரு முழம் உயர்த்துவதால் ஒரு குடம் தண்ணீர்கூடக் கூடாது.

முள்ளை வெட்டுவதற்கு மட்டும் ஒப்பந்தம் போட விடாதீர்கள். வேரோடு பெயர்க்காமல் வெட்டிய கருவேலம் அடுத்த மழையிலேயே தழைத்துவிடும். செலவும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தவிர, கருவேல விறகுக்கும் கரிக்கும் நம் மாவட்டத்தில் விலை இருப்பதால், மரத்தை முறையாக ஏலம் விட்டால் வேலைச் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும்.

15ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் ஊராட்சிக்கு வந்த மானியத்தில் 60 விழுக்காடு துப்புரவுக்கும், குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றுக்கும் என்றே ஒதுக்கிவைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஊருணிக்கு என்ன செலவானது என்று சபையிலேயே கேளுங்கள். திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாய் வழியே நமக்குத் தண்ணீர் வருகிறது. நம் ஊரிலேயே பெய்த மழை பக்கத்து ஊருணிக்கு வந்து சேராமல் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வல்லத்துக்காரர்

ஓவர்சியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் ஓடைத் தண்ணீர் கடலில் சேர்வதை வீண் என்று எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. முகத்துவாரத்தில் நன்னீர் கலக்கும் கடற்கழிகளில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. கண்மாய் நிரம்பட்டும், நிரம்பியபின் கலுங்கு வழியாக மிச்சம் கடலுக்கு வரவும் வேண்டும்.

கடற்கரைக்கு அரசு செலவழிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மூக்கையூரில் மீன்பிடித் துறைமுகம் வந்திருக்கிறது. பாக் நீரிணையின் இழுவைப் படகுகளை ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகளாக மாற்ற 2017இல் கொண்டுவந்த திட்டத்தில், ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். மானியம் 70 விழுக்காடு போக, 8 லட்சத்தை உரிமையாளர் கையிலிருந்து போட்டு, 16 லட்சத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அது விசைப்படகுக்காரர்களுக்கான கணக்கு. வல்லம் வைத்திருப்பவன் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. எங்களுக்கு வேண்டியது பெரிய துறையும் அன்று. கரை வரை லாரி வரும் ஒரு சாலை, ஏலம் போடக் கூரையுள்ள ஒரு தளம், பனிக்கட்டி வைக்க ஓர் இடம், மீன் வாங்க விடியுமுன் வந்து நிற்கும் பெண்களுக்குக் கழிப்பறை. இவை கிடைத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், அங்கே கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களின் தொழில் சுருங்கிவிட்டது. விவசாயிகளின் கோரிக்கையிலும் எங்கள் கோரிக்கையிலும் அவர்கள் பெயர் இல்லை. தீர்மானம் எழுதும் முன் அவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

வத்தல்காடு

தங்கை, நான் மிளகாய் போடுகிறவன். இருந்தாலும் வல்லத்துக்காரர் கேட்ட ஏலத்தளம் நியாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் எங்கள் குறையும் அதே மாதிரியானது. நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்றும் தார்ச்சாலை ஓரத்தில்தான் வத்தலைக் காயவைக்கிறோம். எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போய்விடும். ஓர் உலர்களம் பெரிய செலவில்லை. பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, மிளகாய்க்கு 5 விழுக்காடு வரை என்பதும் மனத்தை உறுத்துகிறது. ஆனால் அதை மாற்றுவது கிராம சபையின் கையில் இல்லை.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் பக்கம் பலர் காத்திருக்கிறார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு, 2021 பிப்ரவரியில் அடிக்கல். வரட்டும், வேண்டியதுதான். ஆனால் குண்டாறு வரை காவிரி வந்தாலும் அங்கிருந்து நம் கண்மாய்க்கு எந்த வழியாக வரும்? ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெயர் பெற்ற, நம் மாவட்டத்துப் பெரிய ராஜசிங்கமங்கலம் கண்மாயே ஆனாலும், வரத்து இல்லாவிட்டால் வெறும் தரைதான். ஆகவே என் வாக்கு வரத்துக்காலுக்கே.

நெய்தல்மகள்

மூவருக்கும் நன்றி. ‘வீணாக’ என்று நான் எழுதியது தவறுதான், அண்ணன், ஏற்றுக்கொள்கிறேன். வரத்துக்காலைத் தனித் தீர்மானமாகவும், ஏலத்தளத்தையும் கழிப்பறையையும் இன்னொரு தீர்மானமாகவும் எழுதலாம் என்று இரு தரப்பிலும் பேசிக்கொண்டிருக்கிறேன். பாசிக்குப் போன பெண்களை நாளை மாலை சந்திக்கிறேன். ஓவர்சியர் ஐயா, வரத்துக்காலை அளந்து எழுதுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பாருங்கள். கால் எந்தெந்தப் புல எண்களில் போகிறது என்று குறித்துக்கொண்டு, தண்ணீர் வந்து சேரும் கண்மாய் உள்வாயிலிருந்து மேல்நோக்கி நடங்கள். அடைப்பு இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் புல எண்ணையும் நீளத்தையும் அகலத்தையும் எழுதித் தீர்மானத்தோடு இணையுங்கள். மேல் ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எல்லைக்குள்ளும் அந்தக் கால் ஓடுகிறது.