டிரம் சைலேஜ்: உங்கள் பட்டியில் என்ன நடந்தது?

நிபோங் திபால் ஆட்டுக்காரன்:
மழையில் புல் அறுக்க முடியாமல், காற்றுப் புகாமல் புளிக்கவைத்த நேப்பியர் புல் தீவனத்தை, அதாவது சைலேஜை, நீல டிரம்மில் வாங்கினோம். மூடியைத் திறந்தால் செத்த எலி வாடை, ஓரமெல்லாம் பூஞ்சை. விற்றவரோ போனில், “மேலே வழிச்சுப் போட்டுட்டு கொடுங்க அண்ணே, ஒன்னும் ஆகாது” என்றார். அப்புறம் சில வாரத்தில் ஒரு சானென் இனப் பெட்டை ஆடு ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. நிமிர்ந்தே நிற்கும் காதில் ஒன்று தொங்கிப்போச்சு. பாதி மென்ற புல் வாயிலேயே கிடந்தது, விழுங்கத் தெரியவில்லை. வேலியில் முட்டும், மறுபடி அதே பக்கம் சுற்றும். லிஸ்டீரியா என்ற கிருமியாக இருக்கும், கெட்ட சைலேஜில் வரும் என்றார் டாக்டர். ஊசி போட்டும் பிழைக்கவில்லை. சினை ஆடு. இனி டிரம் சரக்கே வேண்டாம்.

புக்கிட் மெர்தாஜம் பால்மாடு:
மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அண்ணே. ஆனால் டிரம்மைக் குறை சொல்லாதீர்கள். என் கறவைகள் சோள சைலேஜ் மூட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கும். நீங்களே சைலேஜ் போடுங்கள். புல்லை வாடவிட்டு 2–3 செ.மீ. துண்டாக நறுக்குங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் ஈரம். 100 கிலோவுக்கு 3 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) போதும். அடுக்கடுக்காக ஏறி மிதியுங்கள், உள்ளே காற்று தங்கினால் எல்லாம் வீண். குறைந்தது 3 வாரம் மூடியைத் தொடக்கூடாது. புளித்த மாவு மணமும் மஞ்சள் கலந்த பச்சையும் இருந்தால் நல்லது. வாங்கும்போது உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சுட்டால் திருப்பி அனுப்புங்கள்.

ரவாங் மாட்டுப்பண்ணை:
வாடவிடு என்று சொல்வது சுலபம். அக்டோபரில் தினமும் மத்தியானம் மழை கொட்டுகிறது, எங்கே வாடவிடுவது? நாங்கள் தவிடு கலந்து ஈரத்தை இழுக்கிறோம். செம்பனை மட்டையைத் தீவனமாக்க மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி ஆராய்ச்சி செய்திருக்கிறதே, அதைப் பார்த்து மட்டையை அரைத்து மூட்டை கட்டினோம். ஒரு மூட்டையில் எலி கடித்த சின்ன ஓட்டை. அதைச் சுற்றி மட்டும் கறுத்து, கொழகொழவென்று இருந்தது. ஒரு சாண் தள்ளி நல்ல மணம். எங்கள் கிழட்டு மாடு கறுப்பை மூக்கால் தள்ளிவிட்டு மற்றதைத் தின்றது. ஆக, மிதிப்பதைவிடப் பையைக் காப்பதுதான் முக்கியம்.

பட்டர்வொர்த் அக்கா:
மிதிக்காமல் பையை மட்டும் காத்து என்ன பயன் தம்பி? அது இருக்கட்டும், முக்கியமானதை யாருமே சொல்லவில்லை. லிஸ்டீரியா மனிதருக்கும் வரும். எங்கள் பட்டியில் ஆடு குறைமாதத்தில் குட்டி வீசியபோது வெறுங்கையால் எடுக்கப் போன மருமகளை டாக்டர்தான் சத்தம் போட்டு நிறுத்தினார். அவள் அப்போது மாசமாக இருந்தாள். நிபோங் திபால் தம்பி, அந்தப் பட்டிப் பாலைக் கொதிக்கவைக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.