31 நாள் மழைக்கணக்கு: எந்த எண்ணைச் சொல்லிச் சுருக்குவது?

ஆயர் ஈத்தாம் அம்மா (பினாங்கு) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். படிவம் நான்கில் படிக்கும் என் மகளுக்குக் கணிதப் பாடத்தில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். அன்றாட வாழ்விலிருந்து ஏதேனும் ஒரு தரவை ஒரு மாதம் சேகரித்து, அதைச் சுருக்கமாக விளக்கி எழுத வேண்டும். அவள் மழையைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி அதையே பூஜ்யமாக வைத்துக்கொண்டு, வெளியே ஓர் அளவுகோலை ஒட்டி, துணி காயப்போடும் இடத்தில் வைத்துவிட்டாள். அக்டோபர் மாதம் முழுவதும், பள்ளி வேன் வருவதற்கு முன், காலை 6.15 மணிக்குக் கைவிளக்கோடு போய் அளந்தாள். விடுமுறை நாள்களிலும் அந்த நேரத்தை அவள் மாற்றவில்லை.

31 நாள்களில் 17 நாள் மழையே இல்லை. மற்ற 14 நாள்களின் அளவுகளைச் சிறியதிலிருந்து அடுக்கினால் 1, 2, 2, 3, 4, 5, 6, 7, 10, 14, 18, 26, 44, 106 மில்லிமீட்டர் என்று வருகின்றன. மொத்தம் 248. அதை 31ஆல் வகுத்து, “நாளொன்றுக்குச் சராசரியாக 8 மில்லிமீட்டர் மழை பெய்தது” என்று எழுதிவிட்டாள். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட என் மாமியார், “எந்த நாளில் எட்டு பெய்தது? பாதி மாதம் துணி நன்றாகத்தானே காய்ந்தது?” என்றார். பட்டியலைப் பார்த்தால் 8 என்ற எண்ணே அதில் இல்லை.

மகளின் பாடநூல் மலாய் மொழியில் ‘மின்’ (சராசரி), ‘மெடியான்’ (நடுவெண், அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்), ‘மோட்’ (அதிக முறை வரும் எண்) என்று மூன்று அளவைகளைச் சொல்கிறது. மெடியானைப் பார்த்தால் பூஜ்யம், மோட்டும் பூஜ்யம். பூஜ்யம் என்று எழுதினால் மழையே பெய்யாத மாதம்போல் ஆகிவிடுகிறது. எதை எழுதுவது? அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டும்.

கெப்போங் கணக்கு வாத்தியார் பதிலளிக்கிறார்:

சகோதரி, உங்கள் மகளின் கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையில்லை, உங்கள் மாமியாரின் கேள்வியிலும் பிழையில்லை. சராசரி என்பது, பெய்த மழை அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து 31 நாள்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து மாதம் முழுவதும் செடிகளுக்கு ஊற்றுகிறவருக்கு அது மிகச் சரியான எண். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதால், உங்கள் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் அந்த மாதத்தில் 248 லிட்டர் வாங்கியிருக்கிறது. துணி காயப்போடுகிறவருக்கு அந்த எண்ணால் பயனில்லை, ஏனென்றால் 25 நாள்கள் சராசரிக்குக் கீழே கிடக்கின்றன, ஆறே நாள்கள்தான் மேலே நிற்கின்றன.

இதே வீட்டில் அவள் பகல்நேர உச்ச வெப்பநிலையை அளந்திருந்தால் இந்தச் சிக்கல் எழுந்திருக்காது. நம் ஊரில் அது பெரும்பாலும் 31, 32, 33 பாகை என்று ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும், ஆகவே 32 என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் ஏறக்குறைய உண்மையான படமே எழும். மழைக்கு அந்தக் குணம் கிடையாது. கீழே பூஜ்யத்துக்குக் குறைய முடியாது, மேலே எல்லை இல்லை. இந்தத் தரவுக்குத் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு, கணக்கிட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ 20 வருகிறது. சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் கீழே இறங்கினால் மழை கழித்தல் 12 மில்லிமீட்டர்! சூத்திரம் தந்த விடைதான், ஆனால் அப்படி ஒரு மழை எங்கும் பெய்யாது. எண்கள் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்போது சராசரியும் திட்ட விலக்கமும் ஒன்றுசேர்ந்து நம்மைக் குழப்பிவிடுகின்றன.

குடும்ப வருமானமும் மழையைப் போன்றதே. மலேசியப் புள்ளியியல் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் மாதக் குடும்ப வருமானத்தின் சராசரி 8,479 ரிங்கிட், நடுவெண் 6,338 ரிங்கிட். மிக அதிகம் சம்பாதிக்கும் குடும்பங்கள் சராசரியை மேலே இழுக்கின்றன, நடுவில் நிற்கும் குடும்பத்தை அவற்றால் அசைக்க முடிவதில்லை. அதனால்தான் சாமானியக் குடும்பத்தின் நிலைமையைப் பேசும்போது நடுவெண்ணைக் கையில் எடுக்கிறார்கள்.

ஆனால் உங்கள் மகளின் தரவில் நடுவெண்ணும் கை கொடுக்கவில்லை. 106 பெய்த நாளில் 500 பெய்திருந்தாலும் அது பூஜ்யமாகவே இருக்கும். ஆகவே தரவை இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதலில், 31 நாள்களில் 14 நாள் மழை பெய்தது. பிறகு, பெய்த நாள்களை மட்டும் எடுத்தால் நடுவெண் 6.5 மில்லிமீட்டர். இவற்றோடு மாத மொத்தத்தையும் மிகப்பெரிய நாளின் அளவையும் சேர்த்தால் நான்கு எண்களில் மாதம் அடங்கிவிடும்.

செத்தாப்பாக் மாணவன் பதிலளிக்கிறார்:

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. 106 என்பது மற்ற எண்களோடு ஒட்டாமல் விலகி நிற்கிறது. அதை நீக்கிவிட்டு மீதி 30 நாள்களுக்குச் சராசரி எடுத்தால் 4.7 வருகிறது. விலகி நிற்கும் எண்ணைக் கண்டுபிடிக்கக் கால்மான இடைவெளியை (அடுக்கிய பட்டியலில் கால் பங்கு, முக்கால் பங்கு இடங்களில் நிற்கும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை) பயன்படுத்தும் விதி இருக்கிறது. அதைக் காட்டினால் ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

ஓய்வுபெற்ற வடிகால்காரர் (பட்டர்வொர்த்) பதிலளிக்கிறார்:

தம்பி, நீங்கள் சொன்ன விதியை இந்தப் பட்டியலில் போட்டுப் பார்த்தீர்களா? நான் போட்டுப் பார்த்தேன். முதல் கால்மானம் 0, மூன்றாம் கால்மானம் 6, இடைவெளி 6. அதன் ஒன்றரை மடங்கான 9ஐ மூன்றாம் கால்மானத்தோடு கூட்டினால் 15. அதற்கு மேலே இருப்பதெல்லாம் விலகிய எண் என்றால் 106 மட்டும் வெளியேறாது. 18, 26, 44 ஆகியவையும் சேர்ந்தே வெளியேறும். அந்த நான்கு நாள்களின் மழை 194 மில்லிமீட்டர், அதாவது மாத மழையில் நூற்றுக்கு 78 பங்கு. மழையைத் துடைத்துப் போட்டுவிட்டு மழையைப் பற்றி என்ன எழுதுவது? அளவுகோலைத் தப்பாகப் படித்திருந்தாலோ யாராவது புட்டியில் தண்ணீர் ஊற்றியிருந்தாலோ அந்த எண்ணை நீக்கலாம். உண்மையாகவே பெய்ததை, பெரியதாக இருக்கிறது என்பதற்காக நீக்கக் கூடாது.

முப்பது ஆண்டுகள் கால்வாய்களோடு காலம் தள்ளியவன் என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். சராசரி நாளுக்காக யாரும் கால்வாய் வெட்டுவதில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் நம் பினாங்கு மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்க முடியுமா? அந்த ஆண்டின் நாள் சராசரியைப் பார்த்தால் அந்த இரவு இருந்த இடமே தெரியாது.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோது, ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது என்றும், இது நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்றும் அதிகாரிகள் சொன்னார்கள். அதைக் கேட்டு, இனி 2121 வரை பயமில்லை என்று என் உறவினர் ஒருவர் நிம்மதியாகப் பழைய இடத்திலேயே புதிய சோபா வாங்கிப் போட்டார். அந்தச் சொல்லின் பொருள் அதுவல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அப்படிப்பட்ட மழை வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, சென்ற ஆண்டு வந்ததால் இந்த ஆண்டுக்கான வாய்ப்பு குறைந்துவிடுவதில்லை. முப்பது ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26 ஆகிறது. 0.99ஐ முப்பது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள்.

சகோதரிக்கு ஒரு கேள்வி. பட்டியலைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். தேதி வரிசை எங்கே? அடுக்கியவுடன், எந்த மழைக்குப் பின் எந்த மழை வந்தது என்பது காணாமல் போய்விடுகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறைகூட 35 பாகை ஒரு நாள் வந்ததும் வெப்ப எச்சரிக்கை கொடுப்பதில்லை, தொடர்ந்து மூன்று நாள் நீடிக்கிறதா என்று பார்க்கிறது. வரிசையும் தரவின் ஒரு பகுதிதான்.

ஆயர் ஈத்தாம் அம்மா:

தேதி வரிசையைப் பார்த்தோம் ஐயா. 44 பதிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், 106 பதிவானது மறுநாள் திங்கட்கிழமைக் காலையில். அதற்கு முந்தைய ஐந்து நாள்கள் வறண்டவை. மேலும் ஒன்று கேட்க வேண்டும். “வழக்கத்தைவிட இந்த அக்டோபரில் மழை அதிகம்” என்று மகள் முடிவுரையில் எழுத விரும்புகிறாள். எழுதலாமா?

கெப்போங் கணக்கு வாத்தியார்:

எழுத வேண்டாம். வழக்கம் என்ற சொல்லுக்கு வானிலைத் துறையினர் வைத்திருக்கும் பொருள் முப்பது ஆண்டுச் சராசரி. இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான காலம். ஒரு புட்டி ஒரு மாதம் அளந்ததை வைத்து அவ்வளவு பெரிய சொல்லைச் சொல்ல முடியாது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக் கணக்கோடு ஒப்பிடலாமே என்றால், மாலை இடிமழை ஆயர் ஈத்தாமில் கொட்டும்போது அங்கே வெயில் அடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். “எங்கள் வீட்டில் அளந்தது” என்று எழுதினால் போதும், ஆசிரியர் அதை மதிப்பார். ஆண்டுக்குள் ஒப்பிட விரும்பினால், தைப்பூசத்தையொட்டி மீண்டும் ஒரு மாதம் அதே புட்டியில் அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடப்பவர்களுக்குத் தெரியும், அப்போது பினாங்கில் மழை மிகக் குறைவு.

ஓய்வுபெற்ற வடிகால்காரர்:

ஞாயிறும் திங்களும் அடுத்தடுத்து என்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 6.15க்கு மகள் அளந்தபோது மழை நின்றிருந்ததா, பெய்துகொண்டிருந்ததா?

ஆயர் ஈத்தாம் அம்மா:

மகளைக் கேட்டேன். குடை பிடித்துக்கொண்டுதான் அளந்தாளாம். புட்டியைக் கவிழ்த்துவிட்டு மீண்டும் கோடு வரை தண்ணீர் ஊற்றியபோது கை முழுவதும் நனைந்துவிட்டது என்கிறாள். இரவு மூன்று மணி அளவில் தொடங்கிய மழை காலை பத்து மணிக்குத்தான் விட்டது. அன்று மாலை மீண்டும் பெய்யவில்லை.

ஓய்வுபெற்ற வடிகால்காரர்:

அப்படியானால் அது ஒரே மழை. அளக்கும் நேரம் நடுவில் வந்து அதை 44 என்றும் 106 என்றும் வெட்டிவிட்டது. பட்டியலை மாற்ற வேண்டாம், அளந்தது அளந்ததுதான். ஆனால் மிகப்பெரிய நாள் 106 என்று எழுதும் இடத்தில், ஞாயிறு விடியலில் ஏழு மணி நேரம் விடாமல் பெய்த ஒரே மழை 150 மில்லிமீட்டர் என்றும், மாத மழையில் நூற்றுக்கு 60 பங்கு அதுவே என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 6.15 மணி என்பதையும் மறக்காமல் குறிப்பிட வேண்டும்.

ஆயர் ஈத்தாம் அம்மா:

சேர்த்துவிட்டாள் ஐயா. தேதி வரிசையில் கட்டை வரைபடமும் போட்டு, அந்த இரண்டு கட்டைகளுக்கு மட்டும் ஒரே நிறம் தீட்டியிருக்கிறாள். சராசரி 8 என்ற வரி இன்னும் இருக்கிறது, ஆனால் மாத மொத்தத்துக்குப் பக்கத்தில், “சமமாகப் பங்கிட்டால்” என்ற சொற்களோடு. மாமியாரிடம் படித்துக் காட்டினோம். “அந்த ஞாயிற்றுக்கிழமை நான் துணியை உள்ளே கொடி கட்டிப் போட்டேன், அதை எழுதினாளா?” என்று கேட்டார்.