பழைய டார்க் ரெஞ்சுக்கு கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு), ஓசூர் பக்கம் எங்கே?

அண்ணன்மார்களே, ராயக்கோட்டை ரோட்டில் சின்னதாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அப்பா வைத்திருந்த அரை இஞ்ச் கிளிக் டைப் டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு போல்ட்டை முறுக்கியதும் ‘டிக்’ எனச் சொல்லும் ஸ்பேனர்) ஒன்று, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை. வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்காமல், 110-லேயே இரண்டு வருஷம் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். என் தப்புதான், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

நேற்று சதுர முனையை வைஸில் கடித்து, கைப்பிடியைப் படுக்கையாக நிறுத்தி, அரை மீட்டர் தள்ளி ஒரு பக்கெட்டைத் தொங்கவிட்டு மணல் கொட்டிப் பார்த்தேன். 98-இல் வைத்தால் 20 கிலோவுக்குத்தான் ‘டிக்’ என வர வேண்டும். 17 கிலோவிலேயே வந்துவிட்டது! கிளிக் டைப்புக்கு 4 சதவீதம் வரைதான் முன்னே பின்னே இருக்கலாம். இதை நம்பி இன்ஜின் ஹெட் போல்ட் முறுக்க மனசு வரவில்லை.

ஓசூர் சிப்காட் பக்கம் என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப் ஏதாவது, ஒற்றை ரெஞ்சையும் எடுத்துக்கொள்வார்களா? வெறும் சர்டிபிகேட் போதாது, அட்ஜஸ்ட் செய்தும் தர வேண்டும். தர்மபுரி என்றாலும் சரி, வந்துவிடுவேன். எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும்? கொடுத்து வாங்கியவர்கள் சொல்லுங்கள்.