புதுப்பிப்பு: குவாதலூப் போய் வந்துவிட்டோம்

அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகிறோம், சர்காசம் என்ற கடல்பாசி ஒதுங்காத கரை எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். மேற்குக் கரை என்றீர்கள். அங்கேதான், மலாந்துர் கடற்கரைப் பக்கம் தங்கினோம். பாசி கண்ணிலேயே படவில்லை. கறுப்பு மணல், கரையோரமே ஆமைகள். ரொம்ப நன்றி.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனியுங்கள்: மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அது 'மன்சனீயே' என்ற நச்சு மரம். காய் சின்னப் பச்சை ஆப்பிள் போலவே இருக்கும், கடும் நஞ்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே சொட்டும் நீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும். என் சின்னவள் ஒரு காயைக் கையில் எடுத்தேவிட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி ஓடிவந்து தட்டிவிட்டார்.

அப்புறம், அங்கே 'கொலொம்போ' என்று சொல்லும் மசாலா போட்ட கோழிக்குழம்பு. 1854 முதல் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்கள் கொண்டுபோன மசாலா. மல்லி, சீரகம், மஞ்சள். முதல் வாய் வைத்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.